சும்மா குடுப்பாங்களா?

ஒரு யாஷிகா கேமரா என்னிடம் மூன்று நாட்கள் இருந்தது. 2001ஆம் ஆண்டு, எனக்கு வயது இருபத்திமூன்று. திருச்சியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் ஒட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாட்களில் மணமகள் அறைக்குள் லைட் பிடிக்க ஒரு பெண் வேண்டும் என்பதால் என்னையும் கூட்டிப்போவார்கள். கேமரா எப்போதும் ஆண்கள் கையில்தான் இருக்கும். வேலையில்லாத நாளில் கெஞ்சிக் கேட்டு ஸ்டுடியோ கேமராவை வாங்கிப்போய், விடியற்காலையில் பூக்கூடைகளோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் பெண்களைப் படம் எடுத்தேன். அதில் மூன்று படங்களை ஒரு கல்லூரிக் கண்காட்சியில் மாட்டினார்கள்.

அங்கே வந்த ஒரு பெரியவர் அந்த மூன்றின் முன்னாலும் வெகுநேரம் நின்றார். ஓய்வுபெற்றவர், வசதியானவர். பழைய புகைப்படங்கள் சேகரிப்பவர் என்று பிறகு தெரிந்தது. இடிக்கப்போகிற வீடுகளிலிருந்தும் பழைய பேப்பர் கடைகளிலிருந்தும் கண்ணாடி நெகட்டிவ்களையும் குடும்பக் குரூப் போட்டோக்களையும் வாங்கி வீடு நிறைய வைத்திருந்தார். ஸ்டுடியோவைத் தேடி வந்து ஒரு யாஷிகா மேட்டை என் மேசைமேல் வைத்தார். "உனக்குக் கண்ணு இருக்கும்மா. கேமராதான் இல்ல. வச்சுக்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதைத் தொடவில்லை. "சும்மா குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று நாட்களும் அதே கேள்விதான். சாப்பாடு போடும்போது, விளக்கை அணைக்கும்போது, காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது. நான் ஒரு ரோல் போட்டு வீட்டுக்குள்ளேயே படம் எடுத்தேன். அந்தக் கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அம்மா அம்மியருகே உட்கார்ந்திருப்பது, அம்மாவின் முதுகு, கொடியில் காயும் அவள் புடவை. நான்காம் நாள் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. "சரிம்மா" என்றார். ரோல் உள்ளேயே இருந்தது நினைவுக்கு வந்தபோது நான் பாதி வழி வந்துவிட்டேன். திரும்பிப்போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

பல வருடங்கள் கழித்து பட்டி ஸ்மித்தின் 'ஜஸ்ட் கிட்ஸ்' படித்தேன். பாடகியும் கவிஞருமான அவர், புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தோர்ப்புடன் வாழ்ந்த இளமைக்காலத்தைப் பற்றி எழுதி 2010இல் வெளியிட்ட நூல் அது. அதில் சாம் வாக்ஸ்டாஃப் என்ற பெயரைப் பார்த்ததும் என் மேசைமேல் யாஷிகாவை வைத்த பெரியவர் ஞாபகம் வந்தார். அதன்பின் வாக்ஸ்டாஃபைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடித்தான் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வாக்ஸ்டாஃப் 1921இல் நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்தார். பிறகு விளம்பரத் துறையில் வேலை. அது பிடிக்காமல் கலை வரலாறு படித்து, ஹார்ட்ஃபோர்டிலும் டெட்ராய்ட்டிலும் அருங்காட்சியகக் காப்பாட்சியராக இருந்தார். 1972இல் மேப்பிள்தோர்ப்பைச் சந்தித்தபோது அவருக்கு வயது ஐம்பது, மேப்பிள்தோர்ப்புக்கு இருபத்தைந்து. இருவருக்கும் பிறந்தநாள் நவம்பர் 4. காதலர்களானார்கள். காதல் வேறு வடிவம் எடுத்த பிறகும் உறவு நிலைத்தது.

வாக்ஸ்டாஃப் என்ன கொடுத்தார் என்று பட்டியல் போடுவது எளிது. நியூயார்க்கின் பாண்ட் தெருவில் தங்கவும் வேலை செய்யவும் ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். ஹாசல்பிளாட் கேமரா கொடுத்தார். யாரைச் சந்திக்க வேண்டுமோ அவர்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார். இவற்றைவிடப் பெரியது வேறொன்று என்று நினைக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் படங்களைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவைத்தார். ஃபிரெஞ்சுக்காரர் நாடார் எடுத்த முகங்கள், கஸ்டாவ் ல கிரேயின் கடல், பெயர் தெரியாத யாரோ எடுத்த படங்கள். மேப்பிள்தோர்ப்பின் பிற்காலப் படங்களில் இருக்கும் அந்த அடக்கமான ஒளி, சதுரச் சட்டத்தின் நடுவே ஒரு பூவையோ உடலையோ சிலைபோல நிறுத்திவைக்கும் அமைதி, எல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்து வந்தவை.

கொடுத்தது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் என்றும் சொல்ல முடியாது. வாக்ஸ்டாஃப் முதலில் புகைப்படத்தைக் கலையாகவே மதிக்கவில்லை. அவரை அந்தப் பக்கம் திருப்பியதில் இளையவனுக்கும் பங்கு உண்டு. 1973இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஓவியத்தன்மை கொண்ட பழைய புகைப்படங்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. அதைப் பார்த்தபின் அவருக்குச் சேகரிப்பு ஒரு வெறியாகவே ஆனது. அப்போது பழைய புகைப்படங்களை வாங்க ஆளில்லை, விலையும் மிகக் குறைவு. அவர் ஏலங்களில் கொடுத்த விலைகள்தான் மற்றவர்களையும் திரும்பிப் பார்க்கவைத்தன. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலிருக்கும் கெட்டி அருங்காட்சியகம் புகைப்படத்துக்கெனத் தனித்துறை தொடங்கியபோது அவருடைய சேகரிப்பை வாங்கியது. விலை ஏறத்தாழ 50 லட்சம் டாலர் என்று பேசப்பட்டது. பத்தே வருடத்தில், அட்டைப்பெட்டியில் கிடந்த காகிதங்கள் அருங்காட்சியகச் சொத்தாகிவிட்டன.

மேப்பிள்தோர்ப்பிடமும் "சும்மா குடுப்பாரா?" என்று ஊர் கேட்டது. பணக்காரரைப் பயன்படுத்திக்கொள்கிறான் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆண்கள் இருவருக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய நியூயார்க் சட்டத்தை அம்மாநிலத்தின் மேல் நீதிமன்றம் 1980இல்தான் செல்லாது என்றது. வாக்ஸ்டாஃப் தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் தன்னை மறைத்துக்கொண்டே வாழ்ந்தவர். ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. மேப்பிள்தோர்ப்பைப் பற்றிப் பேசியவர்கள் கடைசியில் அவருடைய படங்களைப் பற்றியும் பேசினார்கள். ஒரு பெண்ணைப் பற்றி அப்படிப் பேச ஆரம்பித்தால் பேச்சு பெரும்பாலும் படம்வரை வந்து சேர்வதில்லை.

பட்டியின் புத்தகத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரு பென்சிலோடு உட்கார்ந்தேன். வாக்ஸ்டாஃப் வருவதற்கு முன்னால் மேப்பிள்தோர்ப்புக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன்.

முதலில் பட்டி. புத்தகக் கடைகளில் வேலை பார்த்து அந்தச் சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் பார்த்துக்கொண்டவர். மேப்பிள்தோர்ப் அப்போது பத்திரிகைகளிலிருந்து ஆண்களின் படங்களை வெட்டி ஒட்டி ஓவியங்கள் செய்துகொண்டிருந்தார். வெட்டி ஒட்டுவதற்குப் பதில் நீயே படம் எடு என்று தூண்டியவரும் பட்டிதான். அடுத்து, அவர்கள் தங்கியிருந்த செல்சி ஹோட்டலில் அண்டை அறைக்காரரான சாண்டி டேலி. படம் எடுப்பவர். தன் போலராய்ட் கேமராவை மேப்பிள்தோர்ப்புக்கு இரவல் கொடுத்தார். அவர் முதலில் படம் எடுத்துப் பழகியது ஒரு பெண் நம்பிக் கொடுத்த கேமராவில். அதற்கப்புறம்தான் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் ஜான் மெக்கென்ட்ரி ஒரு போலராய்டை அன்பளிப்பாகக் கொடுக்கிறார். அதற்கும் அப்புறம்தான் வாக்ஸ்டாஃபும் ஹாசல்பிளாடும். 1977இல் அவருடைய படங்களுக்குத் தன் கேலரியின் சுவரைக் கொடுத்த ஹாலி சாலமனும் ஒரு பெண்தான்.

'புரவலர்' என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு வள்ளல்கள்தான் நினைவுக்கு வருவார்கள். தேரும் யானையும் கொடுத்தவர்கள். மாதச் சம்பளத்தில் வாடகை கட்டியவளை யாரும் புரவலர் என்று சொல்வதில்லை. அவளைக் காதலி என்பார்கள், தோழி என்பார்கள், மனைவி என்பார்கள். அவள் கொடுத்தது அன்புக் கணக்கில் போய்விடும். அன்புக் கணக்குக்கு ரசீது கிடையாது. பட்டி பெரிய பாடகியாகித் தானே எழுதியதால் அவர் கட்டிய வாடகை நமக்குத் தெரிகிறது. எழுதாமல் போனவர்கள் கட்டியது யாருக்குத் தெரியும்?

1975இல் பட்டியின் 'ஹார்சஸ்' இசைத்தட்டுக்கு மேப்பிள்தோர்ப் எடுத்த அட்டைப்படம் வாக்ஸ்டாஃபின் வீட்டில்தான் எடுக்கப்பட்டது. வெள்ளைச் சட்டை, தோளில் கோட், சுவரில் ஜன்னல் வெளிச்சம். எதிரில் நிற்பவனுக்காகச் சிரிக்காமல் நேராகப் பார்க்கும் ஒரு பெண். அன்று எடுத்தது பன்னிரண்டு படங்கள் என்று பட்டி எழுதியிருக்கிறார். அந்த வரியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் பன்னிரண்டில் அம்மா எந்தப் படத்தில் என்னை நேராகப் பார்த்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். பார்த்ததாக நினைவில்லை.

வாக்ஸ்டாஃபின் கதையில் இன்னொரு பெண் வருகிறார். அவர் வாக்ஸ்டாஃப் பிறப்பதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே இறந்துபோனவர். ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண். நாற்பத்தெட்டு வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கோழிக்கூண்டை ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டு, கைவிரலெல்லாம் வெள்ளி நைட்ரேட் கறையோடு, வீட்டுப் பணிப்பெண்களையும் பெரிய கவிஞர்களையும் ஒரே மாதிரி உட்காரவைத்துப் படம் எடுத்தார். குவியம் சரியில்லை என்று அவர் காலத்துப் புகைப்படச் சங்கத்து ஆண்கள் கேலி செய்தார்கள்.

அவர் எடுத்த படங்களில் சிறந்தவற்றைத் தொகுத்து விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலுக்குக் கொடுத்த ஆல்பம் 1974இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. வாக்ஸ்டாஃப் 52,000 பவுண்டுக்கு எடுத்தார். புகைப்படத்துக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை. உடனே பிரிட்டன் விழித்துக்கொண்டது. ஆல்பம் நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று ஏற்றுமதியைத் தடுத்து, பொதுமக்களிடம் பணம் திரட்டி அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள். வாக்ஸ்டாஃபுக்கு ஆல்பம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் விலை சொன்ன பிறகுதான் சொந்த நாட்டுக்கே அந்தப் பெண்ணின் அருமை முழுதாகத் தெரிந்தது. ஒரு பெண்ணின் உழைப்புக்கு இன்னொருவர் வந்து விலை சொல்லவேண்டியிருப்பதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதே சமயம் அந்த விலையைச் சொன்னவருக்கு நன்றியும் சொல்லத் தோன்றுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கேமரனின் கதை நம் பக்கத்திலும் வந்து முடிகிறது. கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் அங்கே குடிபெயர்ந்தார்கள். 1879இல் அங்கேயே இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோட்டத்திலும் வீட்டிலும் வேலை செய்த மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மலையகக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சென்னை மாகாணத்திலிருந்து நடந்தும் கடல் கடந்தும் போன தமிழர்கள். லண்டன் கவிஞருக்கும் விஞ்ஞானிக்கும் படத்தின் கீழே பெயர் இருக்கிறது. இந்தப் பெண்களில் பலருக்குப் பெயர் இல்லை, 'இலங்கைப் பெண்' என்பதோடு சரி.

அவர்களைப் பார்க்கும்போது நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று குழம்பிப்போகிறேன். கேமரா பிடித்த பெண்ணுக்காகச் சந்தோஷப்படுகிறேன். அந்தப் பெண்ணின் முன்னால் நிற்கவைக்கப்பட்டவள் என் பக்கத்து ஊர்க்காரியாகக்கூட இருக்கலாம். 'சும்மா குடுப்பாங்களா' என்று கேட்கும் நிலையில் அவள் இருந்தாளா? முகத்தைக் கொடுத்ததற்கு அவளுக்கு என்ன கிடைத்தது? சேகரிப்பு என்பது படத்தைக் காப்பாற்றிவைக்கும். பெயரைக் கேட்டு எழுதிவைக்கவேண்டியது படம் எடுத்தவரின் வேலை. இந்தப் பெண்கள் விஷயத்தில் கேமரன் அதைச் செய்யவில்லை.

வாக்ஸ்டாஃப் 1987 ஜனவரியில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். சொத்தில் பெரும்பகுதியை மேப்பிள்தோர்ப்புக்கு எழுதிவைத்திருந்தார். மேப்பிள்தோர்ப்புக்கும் அதே நோய் இருந்தது. 1988இல் புகைப்படக் கலைக்கும் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்கும் உதவ ஒரு அறக்கட்டளையை ஏற்படுத்திவிட்டு 1989 மார்ச்சில் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். இவ்வளவு துயரத்துக்கு நடுவிலும், மூத்தவரிடமிருந்து இளையவருக்கும் அவரிடமிருந்து முகமறியாத பலருக்கும் ஒரு சொத்து முறையாகக் கைமாறியது. எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். பெண்களிடமிருந்து பெண்களுக்கு நகை வரும், புடவை வரும், கைமணம் வரும். கலை செய்வதற்கான இடமும் கருவியும் அப்படி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் பெரியவர் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் அம்மாவுக்கு எழுபது வயதாகியிருந்தது. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க பெரியம்மாவுக்கு ஒருத்தர் தையல் மிஷின் வாங்கிக் குடுத்தாருடி" என்று ஆரம்பித்தாள். ஜவுளிக்கடைக்காரர். கடனாகத்தான் கொடுத்தார், வேலை செய்து கழித்துக்கொள் என்றார். எவ்வளவு கழிந்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு வேறு மாதிரிக் கழிக்கச் சொன்னார். பெரியம்மா மிஷினைத் திண்ணையில் வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போனாள். "எனக்கு அந்தக் கேமராவப் பாத்ததும் அந்த மிஷின்தான் ஞாபகம் வந்துச்சு" என்றாள் அம்மா.

அம்மா பயந்தது தப்பில்லை. அந்தப் பெரியவர் நல்லவராகவும் இருந்திருக்கலாம். என்னிடம் அவர் ஒரு தப்பான சொல்கூடப் பேசியதில்லை. ஆனால் அதை உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை. கேட்டுச் சொல்ல ஒரு மூத்த பெண் அந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து இல்லை. வாக்ஸ்டாஃபும் சும்மா கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. அவருக்கு அன்பு கிடைத்தது, இளமையின் பக்கத்தில் ஒரு இடம் கிடைத்தது, பார்ப்பதற்குப் புதிய கண் கிடைத்தது. யாருமே சும்மா கொடுப்பதில்லை. பதிலுக்கு என்ன, அதை முதலிலேயே சொன்னார்களா, வேண்டாம் என்றால் விடுவார்களா, விட்டுவிட்டு வந்தபிறகும் வேலை செய்ய முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கும் அம்மாவுக்கும் அன்று அந்தக் கேள்விகள் தெரியாது. ஒரே ஒரு கேள்விதான் தெரிந்திருந்தது. அது கதவைச் சாத்தமட்டுமே உதவியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் ஒருத்தி தன் பாட்டியின் கைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். பீடி சுற்றிச் சுற்றி நகம் தேய்ந்த கைகள். அந்தப் படத்தை எனக்கு வேண்டும் என்றேன்.

"எடுத்துக்கங்கக்கா, ஃபைல் அனுப்புறேன்."

"அச்சாப் போட்டு வேணும். பின்னால பென்சில்ல உன் பேரு, தேதி, பாட்டி பேரு எழுதிக் குடு. எவ்வளவுன்னு நீ சொல்லு."

அவளால் விலை சொல்ல முடியவில்லை. ஐந்நூறு என்றாள், சிரித்தாள், வேண்டாம் என்றாள். கடைசியில் மூவாயிரத்தில் நின்றோம். அதில் பாட்டிக்கும் பங்கு கொடுப்பதாக அவளாகவே சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மாவிடமிருந்து போன். தயங்கித் தயங்கிப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஒரு போட்டோவுக்கு எதுக்கு இவ்வளவு? சும்மா யாரு குடுப்பாங்க?"

"சும்மா குடுக்கலங்க. படம் வாங்கியிருக்கேன். ரசீதுல அவளும் நானும் கையெழுத்துப் போட்டிருக்கோம், அவகிட்ட இருக்கும் பாருங்க" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் வரச் சொன்னேன்.

வந்தார். சுவரில் மாட்டியிருந்த தன் மாமியாரின் கைகளைப் பார்த்தார். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் எழுதியிருந்த மூன்று வரிகளைக் காட்டினேன். மாமியாரின் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. மகளைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னார்.